டிரைவர் கேட்ட பத்து நாள்

— நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உனக்கு விடுதலை. நீ என்னடான்னா இன்னும் பத்து நாள் உள்ளே இருக்கேங்கிறே. ஏம்ப்பா டிரைவர், கிறுக்குப் பிடிச்சிருக்கா?

— பத்தே நாள்தான் ஐயா. நாளன்னைக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை ஆரம்பிக்குது. பெயிண்டருக்கு நான்தான் எழுதணும்.

— பரீட்சை அவனுக்கு. மாவுக்கட்டு அவன் கையில. துடிக்கிறது நீயா?

— அவன் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வேணுமில்ல ஐயா.

— இந்த ஜெயில்ல எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானா? அந்த பேங்க் கிளார்க்கை உட்கார வைக்கிறேன்.

— அவரு டிகிரி ஐயா. எழுதுறவன் பரீட்சைக்காரனைவிடக் கம்மியாப் படிச்சிருக்கணும்னு வகுப்பெடுக்குற டீச்சர்தான் சட்டம் சொன்னாங்க. நான் எட்டாவது. மேலே அனுப்பின தாள்லயும் என் பேருதான் இருக்கு.

— பேரை மாத்திக்கலாம்.

— மாத்தி வர்றதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிடும். இல்லைன்னா, நான் வெளியே போய்ட்டு தினம் வந்து எழுதிட்டுப் போறேன்.

— வெளி ஆளுக்குத் தனி அனுமதி. அது வர மாசம் ஆகும். அடுத்த வருஷம் எழுதட்டும்ப்பா, பரீட்சை எங்கே ஓடிடப் போகுது?

— அவனுக்கு அம்பத்திரண்டு ஐயா. ஊரெல்லாம் அடுத்தவன் கடைப் பேரை எழுதினவன். தன் பேர் போட்ட ஒரு சர்டிபிகேட்டுக்காக மூணு வருஷமா உருப்போடுறான். பக்கத்துல படுக்குற எனக்கே பாதி மனப்பாடம்.

— வாசல்ல உன் சம்சாரம் வந்து நிப்பாளே?

— போன வாரம் பார்க்க வந்தப்பவே சொல்லிட்டேன். முதல்ல வாய்க்கு வந்தபடி திட்டினா. நடந்ததை முழுசாச் சொன்னதும், ‘எழுதிக் கொடுத்துட்டே வா’ன்னுட்டா.

— நல்ல ஜோடிதான். இங்கே பாரு. நாலு வருஷமா உன் பேர்ல ஒரு புகார் கிடையாது. அதுக்குத்தான் ஆறு மாசம் முன்னாடியே விடறாங்க. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கு. எட்டி உதைக்காதே.

— புகார் இருந்தா நிறுத்திடுவாங்களா ஐயா?

— நிறுத்தாம? ஆறு மாசமும் இங்கேதான் கிடக்கணும். எதுக்கு அதைக் கேக்கறே?

— பேனாவை எடுங்க ஐயா. பெயிண்டர் குளிக்கிற இடத்துல வழுக்கி விழலை. பாய் போடுற இடத்துக்காகச் சண்டை போட்டு, அவன் கையை முறுக்கி உடைச்சது நான். என் விடுதலை கெட்டுடக் கூடாதுன்னு அவன்தான் பொய் சொன்னான்.