காருக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

பெயர் முஃபித் கராசு. தகப்பனார் பெயர் வெஹ்பி, காலஞ்சென்றவர். வயது ஐம்பத்தாறு. விலாசம்: பூர்சா நகரம், செத்பாஷிப் பகுதி, இஹ்லமூர் அடுக்ககம், மூன்றாம் மாடி. தொழில் என்ற இடத்தில் பதிவு செய்யும் காவலர் ‘வேலை இல்லை’ என்று தட்டச்சு செய்ததை நான் ஆட்சேபித்ததன் பேரில் ‘அரசியல் சாசனச் சட்டப் பேராசிரியர், அரசாணையால் நீக்கப்பட்டவர்’ என்று திருத்தப்பட்டது. வழக்கறிஞர் சங்கம் அனுப்பிய குல்ஷென் அம்மையார் உடன் இருக்கிறார். மௌனமாக இருக்க எனக்கு உரிமை உண்டு என்பதை ஆய்வாளர் ரெம்ஸி அவர்கள் தாளைப் பார்த்து வாசித்தார். அந்தப் பிரிவைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில், அவர் ஒரு வரியை விட்டுவிட்டார் என்பதைச் சுட்டிக்காட்டினேன். அதன் பின்னர் அவர் அந்த வரியையும் வாசித்தார். எனக்கு மௌனம் தேவையில்லை.

நான் மேற்படி விலாசத்தில் என் தமக்கை செனிஹாவுடன் வசித்து வருகிறேன். அவர் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. நீதிபதிகளை ஓர் ஆணையால் வீட்டுக்கு அனுப்புவது சாசனத்துக்கு முரணானது என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். அரசு அதற்கு மறுப்பு எழுதும் சிரமத்தை மேற்கொள்ளாமல் அடுத்த ஆணையில் என்னையே வீட்டுக்கு அனுப்பியது. அதன் பின்னர் என் பாஸ்போர்ட் செல்லாததாக்கப்பட்டது. அதன் பின்னர் நான் எழுதிய பாடநூல் நூலகத்திலிருந்து எடுக்கப்பட்டது; அதே பாடநூல் அட்டை மாற்றி, என் பெயர் இல்லாமல், இன்றும் வகுப்பில் நடத்தப்படுகிறது. அதன் பின்னர் அந்தக் கட்டுரைக்காக எனக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் உள்ளது. அதன் முடிவு என்னவாக இருக்கும் என்பது நீதிமன்ற வாசலில் தேநீர் விற்பவருக்கும் தெரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று என்னை அழைத்திருக்கிறது. ஆகவே எல்லையில் ஓடும் மெரிச் ஆற்றைக் கடந்து கிரீஸ் நாட்டுக்குப் போவது என்று முடிவு செய்தேன். இந்த முடிவு என்னுடையது மட்டுமே. ஆற்றைக் கடக்க வழிகாட்டுபவரை எனக்கு அறிமுகம் செய்தவர் யார் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

என் தமக்கையிடம் நான் எதையும் சொல்லவில்லை. காரின் பிரேக் சரியில்லை, மெக்கானிக்கிடம் காட்டப் போகிறேன் என்று மட்டுமே சொன்னேன்.

சம்பவத்தன்று காலை நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அடுக்கக வாசலில் துன்ஜாய் எல்மாஸ் நின்றுகொண்டிருந்தார். அவர் முதல் மாடியில் குடியிருப்பவர், அடுக்ககத்தின் நிர்வாகி, இந்த வழக்கின் முதல் சாட்சி. அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு நான்தான் வழிகாட்டி. அமெரிக்காவில் படிக்க அவருக்கு உதவித்தொகை கிடைக்கும்படி பரிந்துரை செய்தவனும் நான்தான். நான் நீக்கப்பட்ட பின் அவர் என் நாற்காலிக்கு வந்தார். இதை உவமையாகச் சொல்லவில்லை. முதுகுவலிக்காக நானே வாங்கிப் போட்ட நாற்காலி அது, அவர் அதில்தான் உட்காருகிறார்.

அவர் கையில் ரொட்டிப் பையுடன் என்னைப் பார்த்து, “என்ன ஐயா, காலங்காத்தால கிளம்பிட்டீங்க?” என்று கேட்டார்.

“பிரேக் சத்தம் போடுது. மெக்கானிக்கிட்ட காட்டணும்.”

“காட்டுங்க, காட்டுங்க. இந்த நேரத்துல பிரேக் பிடிக்காம இருந்தா ஆபத்து ஐயா” என்று சொல்லிச் சிரித்தார். அரசை விமர்சித்து எழுதியவனிடம் பிரேக்கைப் பற்றிச் செய்யப்பட்ட நகைச்சுவை அது என்பது எனக்குப் புரிந்தது. அவருடைய ஆய்வேட்டிலும் நகைச்சுவை இந்தத் தரத்தில்தான் இருந்தது.

அதன் பின்னர் நான் காரில் ஏறிப் புறப்பட்டேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் என் தமக்கையைப் பார்த்தேன். அவர் வீட்டுச் செருப்புடன் தெருவில் நின்று, செப்புக் கிண்ணத்தில் இருந்த தண்ணீரை என் காருக்குப் பின்னால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இந்தச் செயலின் பொருளை இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு கிண்ணம் தண்ணீர் குற்றச் சான்றாகத் தாக்கல் செய்யப்பட்டுவிட்டதால், அதை விளக்கும் அவமானத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். நெடும்பயணம் போகிறவருக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுகிறோம், தண்ணீர் போல் தடையில்லாமல் போய், தண்ணீர் போலத் திரும்பி வரட்டும் என்பதற்காக. ராணுவத்துக்குப் போகும் மகனுக்கு ஊற்றுகிறோம், கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு ஊற்றுகிறோம். மெக்கானிக் கடைக்குப் போகிறவனுக்கு யாரும் ஊற்றுவதில்லை. நான் சொன்ன பொய்யை என் தமக்கை நம்பவில்லை என்பதும், நம்பவில்லை என்று என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை என்பதும், ஊற்றாமல் இருக்க அவரால் முடியவில்லை என்பதும் எனக்கு அந்தக் கண்ணாடியில்தான் தெரிந்தது. நான் காரை நிறுத்தவில்லை.

அதன் பின்னர் அந்த இடத்தில் நடந்த உரையாடல் துன்ஜாய் எல்மாஸின் சாட்சியத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவர் என் தமக்கையிடம், “என்னக்கா, மெக்கானிக் கடைக்குப் போறவருக்கா தண்ணி ஊத்துறீங்க?” என்று கேட்டிருக்கிறார். என் தமக்கை, “நீ அமெரிக்கா போனப்பவும் நான்தான்டா ஊத்தினேன். அன்னைக்குக் கை வலிக்குதுன்னு சும்மா இருந்திருக்கலாம்” என்று பதில் சொல்லியிருக்கிறார். சாட்சி இதை எனக்கு எதிரான சான்றாகச் சொல்லியிருக்கிறார். நான் இதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். என் தமக்கை ஊற்றிய தண்ணீர் மீது எனக்கு உள்ள ஒரே புகார், துன்ஜாய் விஷயத்தில் அது பலித்துவிட்டது என்பதுதான்.

அதன் பின்னர் நான் சனக்கலே வழியாகப் பயணம் செய்து, கேஷான் ஊருக்கு முன்னால் உள்ள சாலைச் சாவடியை நண்பகல் கடந்த நேரத்தில் அடைந்தேன். அங்கே நின்ற படையினர் மற்ற கார்களை விட்டுவிட்டு என் காரை மட்டும் ஓரங்கட்டச் சொன்னார்கள். அவர்களில் சார்ஜண்ட் ஒருவர் குனிந்து ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, “வாங்க வாத்தியாரே, பிரேக் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

பிரேக்கைப் பற்றி நான் இரண்டு பேரிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். அவர்களில் ஒருவர் என் தமக்கை. ஆகவே என்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்பதை அறிய எந்த விசாரணையும் எனக்குத் தேவைப்படவில்லை. நான் சார்ஜண்டிடம், “நல்லாப் பிடிக்குது, பார்த்தீங்கல்ல, நின்னுட்டேன்” என்று சொன்னேன். அவர் சிரித்தார். கைவிலங்கு போடும்போது, “கையை இறுக்குதா?” என்று கேட்டுச் சற்றுத் தளர்த்தினார். அன்று நான் சந்தித்தவர்களில் நாகரிகம் தெரிந்த அரசு ஊழியர் அவர் ஒருவர்தான். நான் ஆற்றைப் பார்க்கவில்லை என்பதையும், ஆற்றைப் பார்க்காத ஒருவன் மீது ஆற்றைக் கடக்க முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுள்ளது என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் நான் பூர்சாவுக்குக் கொண்டுவரப்பட்டேன். இந்தக் கட்டடத்தில் என் தமக்கையும் வைக்கப்பட்டிருப்பதை அப்போதுதான் அறிந்தேன். நாட்டை விட்டு வெளியேற உடந்தையாக இருந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. செப்புக் கிண்ணம் ஆய்வாளரின் மேசை மேல் சான்றுச் சீட்டு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. என் முன்னிலையில் ஒரு காவலர் அதில் தேநீருக்கான சர்க்கரைக் கட்டிகளைக் கொட்டி வைத்தார். சான்றுப் பொருளைப் பாதுகாக்கும் விதிகளை அவருக்கு எடுத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

தண்ணீர் ஊற்றியது குறித்து ஆய்வாளர் கேட்டதற்கு நான் கீழ்க்கண்டவாறு பதில் சொன்னேன். தெரிந்திருப்பது உடந்தையாகாது. தண்ணீர் காருக்குப் பெட்ரோல் ஆகாது. அதற்கும் மேலாக, தண்ணீர் ஊற்றுவது போகிறவர் திரும்பி வருவதற்காக. ஒருவன் நாட்டை விட்டு ஓடித் தொலையட்டும் என்று விரும்புகிறவர் அவன் திரும்பி வர வேண்டும் என்று தெருவில் இறங்கி வேண்டிக்கொள்ள மாட்டார். ஆகவே மேசை மேல் இருக்கும் கிண்ணம் என் தமக்கைக்கு எதிரான சான்று அல்ல, அவருக்கு ஆதரவாக இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒரே சான்று.

அதற்கு ஆய்வாளர், “எனக்கும் எங்கம்மா ஊத்தியிருக்காங்க ஐயா, கிழக்குப் பக்கம் போஸ்டிங் போட்டப்ப. நான் ஒண்ணும் நாட்டை விட்டு ஓடலையே” என்றார்.

“உங்களை யாரும் துரத்தலையே.”

இந்தப் பதில் தேவையற்றது என்று குல்ஷென் அம்மையார் கருதினார். பதிவில் இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

அதன் பின்னர் சாட்சியையும் எங்களையும் நேருக்கு நேர் வைத்து விசாரிப்பதற்காகத் துன்ஜாய் எல்மாஸும் என் தமக்கையும் அறைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். என் தமக்கை வீட்டுச் செருப்புடன், காலுறை இல்லாமல் இருந்தார். நவம்பர் மாதம். துன்ஜாய்க்கு நாற்காலி போடப்பட்டது, அவர் உட்கார்ந்தார். என் தமக்கை நின்றார்.

துன்ஜாய் என்னைப் பார்க்காமல் ஆய்வாளரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார். “உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன் ஐயா. அந்த ஆத்துல எத்தனை பேர் முழுகிச் செத்திருக்காங்க. என் மனசு கேக்கல.”

“பாவம், புள்ளைக்கு ரொம்ப இளகின மனசு” என்றார் என் தமக்கை. “பயப்படாதே துன்ஜாய், ஆத்துத் தண்ணி உன் நாற்காலி வரைக்கும் வராது.”

“அக்கா, நான் உங்க கையால எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்...”

“அதான் எனக்கும் வயித்தெரிச்சல்.”

தட்டச்சு செய்யும் காவலர் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். ஆய்வாளர் மேசையைத் தட்டினார். தம்பி எங்கே போகிறார் என்று தெரியுமா என்று என் தமக்கையிடம் கேட்டார். என் தமக்கை, “எங்கேன்னு தெரியாது. தூரமாப் போறான்னு தெரியும். இந்த ஊர்ல அவனைச் சும்மா விட மாட்டீங்கன்னும் தெரியும். அதனால ஊத்தினேன். நாளைக்கு அவனை விட்டீங்கன்னா நாளைக்கும் ஊத்துவேன்” என்று சொன்னார். நான் அவருக்காக அடுக்கி வைத்த வாதங்களில் பாதியை அவர் இந்த வகையில் நீக்கிவிட்டார். அதன் பின்னர் இருவரும் வெளியே கொண்டுபோகப்பட்டார்கள். சாட்சி போகும்போது என் தமக்கைக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். என் தமக்கை அவர் முதலில் வெளியேறும் வரை நகராமல் நின்றார்.

அதன் பின்னர் ஆய்வாளர் தேநீர் வரவழைத்தார். கிண்ணத்திலிருந்து எனக்குச் சர்க்கரை எடுத்துப் போட்டார். பின்வருமாறு சொன்னார்: “எனக்கு உங்க மேல மரியாதை உண்டு ஐயா. ஒரே ஒரு பேர் போதும். ஆத்தைக் கடக்க உங்களுக்கு ஆள் காட்டிவிட்டது யாரு? உங்க கூட வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தர்னு எங்களுக்குத் தெரியும். பேரைச் சொல்லுங்க, அக்கா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்ல இருப்பாங்க.”

இந்த வாக்கியங்களை உள்ளது உள்ளபடி பதிவு செய்யுமாறு நான் கேட்டேன். தட்டச்சு நின்றது. “அதெல்லாம் எழுத வேண்டாம்” என்றார் ஆய்வாளர். எழுதப்படும் வரை மேற்கொண்டு பேசப்போவதில்லை என்று நானும், எழுதாவிட்டால் தாம் தனியே குறிப்பு எழுதித் தாக்கல் செய்வதாகக் குல்ஷென் அம்மையாரும் சொன்னதன் பேரில், மேலே உள்ளவை எழுதப்பட்டன.

அந்தப் பெயரைச் சொல்லலாம் என்று நான் நினைத்தேனா என்ற கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இல்லை. ஆயினும் பதில்: ஆம், நினைத்தேன். தேநீரைக் குடிக்காமல் நெடுநேரம் கலக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயருக்கு உரியவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டிலும் யாரோ செருப்புடன் நிற்பார்கள் என்பது தவிர எனக்கு வேறு சட்ட அடிப்படை எதுவும் தோன்றவில்லை. தங்கள் மேசைக்கு வந்த மனிதர்களை ஒருவருக்கு ஒருவர் விலையாக வைத்து எடைபோடும் இந்த முறையை எந்தச் சாசனத்திலும் நான் படித்ததில்லை, எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. இது சந்தையில் ஆடு பிடிக்கிறவர்களின் முறை. அவர்களும் ஆட்டிடம் மரியாதை உண்டு என்று சொல்வதில்லை.

அதன் பின்னர் கழிவறைக்குப் போக அனுமதி கேட்டேன். நடைவழியில் என் தமக்கை இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் என்னிடம் என்ன கேட்டிருப்பார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடமும் அதையே கேட்டிருப்பார்கள். பேசக்கூடாது என்று காவலர்கள் சொன்னதற்கு, “என் தம்பிகிட்ட என்னடி பேசக்கூடாது” என்றார். பிறகு என்னிடம், “பேர் எதையும் சொல்லிடாதேடா. சொல்லிட்டு வீட்டுக்கு வராதே. கதவைத் திறக்க மாட்டேன்” என்றார்.

என்னை வரவைக்கத் தண்ணீர் ஊற்றியவர் சொன்ன வார்த்தைகள் இவை. அவருக்கு எதிரான வழக்கில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதன் பின்னர் நான் அறைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது. ஆய்வாளர் வெற்றுத் தாள் ஒன்றையும் பேனாவையும் என் பக்கமாக நகர்த்தி, “பேசக் கஷ்டமா இருந்தா எழுதியே குடுத்துடுங்க ஐயா, ஒரே ஒரு பேர்தான்” என்றார். எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன்.

மேலே உள்ள அனைத்தும் என் வாயால் சொல்லப்பட்டு, என் கண்ணால் வாசிக்கப்பட்டு, ‘தப்பி ஓடினேன்’ என்று இருந்த இடங்களில் எல்லாம் ‘புறப்பட்டேன்’ என்று என் கையால் திருத்தப்பட்டவை. எவருடைய வற்புறுத்தலும் என்னிடம் பலிக்கவில்லை. என்னிடம் கேட்கப்பட்ட ஒரே ஒரு பெயரைக் கீழே எழுதுகிறேன்.

(ஒப்பம்)
முஃபித் கராசு