ஆய்வகத்தில் நின்றவருக்கு ஒரு தர்ப்பணம்

ஐயா, காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் நான் சாப்பிடுவதில்லை. ஹாஸ்டலிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் சங்கரி. வீடு புதுப்பட்டினத்தில். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபி படிக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பட்டன் போடவும் டம்ளர் பிடிக்கவும் மறுபடி பழக்கிவிடுகிற வேலை. சேவை என்று நினைத்துச் சேர்ந்தேன். ஒரு பட்டனுக்குப் பின்னால், மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்புகள் இருப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உடற்கூறியல் செய்முறைத் தேர்வில் ஒவ்வோர் எலும்பாகக் கையில் கொடுப்பார்கள். பெயரையும், அது வலதா இடதா என்பதையும் சொல்ல வேண்டும். போன தடவை நான் எல்லா எலும்பையும் வலது என்றேன். அந்த மனிதருக்கு இடது பக்கமே இல்லாமல் போய்விட்டது. பிரிசில்லா மேடம் கோபப்படவில்லை. "இந்த வாட்டியும் கோட்டை விட்டா ஜூனியர் பசங்களோடதான்மா உட்காரணும்" என்று மட்டும் சொன்னார். தேர்வு திங்கட்கிழமை.

சனிக்கிழமை ஆய்வகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருப்பது ஒரே ஒரு எலும்புக்கூடு. தேர்வுக்கும் அவரைத்தான் கழற்றிக் கொடுப்பார்கள். உச்சந்தலையில் கொக்கி மாட்டி நிற்க வைத்திருந்தார்கள். விஷால் என்ற வகுப்புத் தோழன் அவர் விலாவில் குடையை மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை வருடமாக நிற்கிறார். யாராவது இவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டிருப்பார்களா? மறுநாள் அமாவாசை. அது தற்செயல்.

ஆய்வக உதவியாளர் தமிழ்வாணன் அண்ணனுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். அவர் சாப்பிடட்டும் என்றுதான். "எலும்பையெல்லாம் நான் துடைச்சு வைக்கிறேன்ணா" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. நான் துடைக்கவும் செய்தேன். பிறகு கை கால்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினேன். தலை மட்டும் அடங்கவில்லை.

ஞாயிறு காலை மாமல்லபுரம் பஸ்ஸில், துண்டு சுற்றி அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா மடியில, பூசணிக்காயா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணா, தலை."

"காலங்காத்தால நக்கலு" என்று சிரித்தார். நான் பொய் சொல்வதில்லை, ஐயா. மடியில் இருந்தவருக்கும் ஒரு முழு டிக்கெட் வாங்கினேன்.

கடற்கரையில் தர்ப்பணக் கூட்டம். சதாசிவம் என்ற புரோகிதர் அவசரத்தில் இருந்தார். பெட்டியைப் பார்த்து, "இன்னாம்மா பொட்டி ரொப்பி கீது. அஸ்தி ஒரு ஆளா, ரெண்டு ஆளா?" என்றார்.

"ஒரே ஆள்தான் சாமி. கொஞ்சம் உயரம்."

"பேரு?"

பதினான்கு வருடம் உறங்காமல் காவல் நின்றவரின் பெயர்தான் நினைவுக்கு வந்தது. "லட்சுமணன்" என்றேன். கோத்திரம் தெரியாததால் சிவ கோத்திரம் என்று வைத்துக்கொண்டார்.

"உனக்கு இன்னா ஒறவு?"

"நான் படிப்பேன். அவர் கூட நிப்பார்."

நல்ல நட்பு என்று சொல்லி எள்ளைக் கையில் கொடுத்தார்.

கொஞ்சம் தள்ளிப் போய், ஒவ்வொன்றாகக் கடலில் விட்டேன். எலும்புகள் மிதந்தன. பாவம் குறைந்த ஆத்மா, அதனால் எடையில்லை என்று நினைத்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் அலை எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்து மீனவர் வலைகளுக்குப் பக்கத்தில் போட்டது. சின்னையன் என்ற மீனவர் தன் சட்டையைக் கழற்றி அந்த மண்டையோட்டின்மேல் போர்த்தினார். "எந்த தாயி பெத்த புள்ளையோ, யாரும் போட்டோ எடுக்காதீங்கடா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் போலவே ஒருவர். உண்மையைச் சொல்லி அவர் நல்ல மனதைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை. பஸ் ஏறிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன்.

புரோகிதர் பெயரைச் சொன்னதால் நீங்களும் உங்கள் போலீஸ்காரர்களும் சாயங்காலம் வரை லட்சுமணன்களைத் தேடியது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரிலேயே ஒரு லட்சுமணன் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு சிறுசேரியில் தம்பி வீட்டில் ஒளிந்திருந்தாராம். அவரை உயிரோடு பார்த்ததும் அந்த அம்மா அழுது சமாதானமாகிவிட்டாராம். ஒரு குடும்பம் சேர்ந்ததே, அதை யாரும் பேசுவதில்லை.

மண்டையோட்டுக்குள் எழுதியிருந்த கல்லூரி இருப்பு எண்ணை வைத்து என்னைக் கண்டுபிடித்தீர்கள். அது பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். இடுப்பெலும்பின் உட்பக்கம் கம்பெனிப் பெயரும், ஈரத்துணியால் துடைக்கவும் என்ற குறிப்பும் இருந்தன. துடைக்கும்போதே படித்தேன். தாய் தகப்பன்கூட இல்லாதவர் என்று அப்போதுதான் இரக்கம் அதிகமாயிற்று.

ஆக, எடுத்தது நான். கரைத்தது நான். தேர்வு நின்றுபோனதற்கும் நான்தான் காரணம் என்கிறார் மேடம். அது என் நோக்கமல்ல. வகுப்பில் பாதிப் பேர் எனக்கு ரகசியமாக நன்றி சொன்னார்கள், அவ்வளவுதான். சின்னையன் அண்ணனுக்கு ஒரு புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

புதிய எலும்புக்கூடு வந்து இறங்கிவிட்டதாக விஷால் சொன்னான். தேர்வுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், ஐயா. அதற்கு முந்தின நாளும் அமாவாசையாகவே அமைந்திருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.