ஒதிலியாவின் மேல் ஒரு டிஸ்க்

“ஒதிலியாவோட ரூட் பாஸ்வேர்ட எனக்குக் குடுங்க.”

முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்து செத்துப்போனவளின் பாஸ்வேர்டை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். என் அறைத்தோழியின் அக்கா ஸ்மராந்தா கேட்டாள். முகத்துக்கு நேரே. யாஷ் நகரத்தில், முதலாளி த்ரகோமிரிடம்.

கேட்காமல் என்ன செய்வாள்? ஆடு மேய்க்கிற வீட்டிலிருந்து படித்து வந்த முதல் பெண். எதைச் செய்தாலும் அலுவலகத்தில் ஒரே பேச்சு, ஒதிலியா இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பாள் என்று. சர்வரைத் தன் கையால் மாற்றி ஓட்டிக்காட்டினால்தான் வேலை நிரந்தரம். அதைவிட... அந்தப் பெயர் இனி காதில் விழக்கூடாது.

சர்வரின் அமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். யாரை உள்ளே விடுவது, விழித்ததும் எதைத் தொடங்குவது, எல்லாம். எழுதியது ஒதிலியா. ஸ்மராந்தா தன் கோப்புகளைப் புது டிஸ்க்கில் போட்டு, அதைப் பழைய ஃபோல்டரின் மேலேயே, பழையது மறையும்படி மவுண்ட் செய்தாள். மெத்தைமேல் புது விரிப்பு மாதிரி. பழையதை அழிக்க முடியாது. புது டிஸ்க் எங்கே என்று சர்வர் அந்தப் பழையதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். ஆக, ஒதிலியா அடியிலேயே கிடந்தாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. மூடிய ஆலைகளுக்கு நடுவே பனி மூடிய சாலை... ட்ராம் கிடையாது. தனியாக நடந்து போய் சர்வரை அணைத்து மறுபடி போட்டாள்.

டக்... டக்... புது டிஸ்க் சுழலவில்லை.

அறை முழுக்கச் சீமைமாதுளம்பழ வாசனை, ஒதிலியா மேசையில் எப்போதும் இருந்ததாகச் சொல்லும் பழம். பழம் எங்கேயும் இல்லை. சிரிக்காதீர்கள்.

திரையில் ஒதிலியாவின் வரவேற்பு வரி வந்தது. விரிப்பு விலகிவிட்டது. ஸ்மராந்தா தன் பெயரில் நுழையப் பார்த்தாள்... விடவில்லை. த்ரகோமிர் கொடுத்திருந்த, எல்லாவற்றையும் திறக்கும் ரூட் பாஸ்வேர்டால் நுழைந்து, யார் யாருக்கு அனுமதி என்ற கோப்பைத் திறந்தாள்.

கடைசி வரியில் ஸ்மராந்தாவின் பெயர். நுழையத் தடை. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘இது என் இடம்.’

கோப்பு கடைசியாக மாறியது போன ஈஸ்டருக்கு முன். ஒதிலியா உயிரோடு இருந்தாள். ஸ்மராந்தா அப்போது கல்லூரியில். இந்த அலுவலகத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

விடிந்ததும் த்ரகோமிர் வந்தார். திரையை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“ஓடுதே. அப்படியே விட்டுடும்மா. ஒதிலியா போட்டது தப்பாவே இருக்காது.”

‘இது என் இடம்’ என்பதைப் படித்தபோதே ஸ்மராந்தா முடிவு செய்திருந்தாள்.

“அப்ப அவளையே வேலைக்கு வெச்சுக்குங்க சார்.”

குளிர்கோட்டுகூட மாட்டவில்லை. பனியில் இறங்கி நடந்தாள்.