ஊசி குத்தாமல் போட்ட வட்டம்

1993-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 19-ஆம் தேதி பகல் 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரிக்கச் சொன்னதாவது:

என் பெயர் சரஸ்வதி, வயது 36, கணவர் பெயர் பொன்னுசாமி. சொந்த ஊர் ஆத்தூர் பக்கம். மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்துகொண்டு அங்குள்ள தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இரண்டு வருடமாக ஆண்கள் வார்டுக்கு இன்சார்ஜ்.

நர்ஸ்களின் முன்னேற்றத்தை அளப்பதற்கென்று எங்கள் மேனேஜர் ஐந்து வருடத்துக்கு முன் ஓர் அட்டை அச்சடித்தார். கம்பெனிகளில் ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்று பார்ப்பது மாதிரி, சொன்ன நேரத்துக்குள் எத்தனை ஊசி போட்டோம் என்று மாதாமாதம் மார்க். நோயாளி பிழைத்தாரா என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. மார்க் ஏறினால்தான் சீனியர், அதன் பிறகு இன்சார்ஜ். பென்சிலின் போடுமுன் முன்கையில் துளி மருந்தைக் குத்தி, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி கழித்துத் தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; தடித்தால் அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த அரை மணியில் மார்க் போய்விடும். ஆகவே குத்தாமலே வட்டத்தை மட்டும் போட்டுவிட்டு, உடனே முழு ஊசியையும் போட்டுவிடுவோம்.

கடந்த 16-ஆம் தேதி காலை 10 மணிக்குப் பேரிகை கிராமத்தைச் சேர்ந்த திம்மப்பன், வயது சுமார் 45, காலில் மண்வெட்டி பட்ட புண்ணுடன் வந்து சேர்ந்தார். என் கீழ் வேலை செய்யும் ஜெயமணி, வயது 21, அவர் கையில் வட்டம் போட்டு ஊசியும் போட்டாள். அதன் பிறகு மூச்சு முட்டுகிறது என்று அவர் எழுந்து உட்கார்ந்தார், முகம் வீங்கியது, டாக்டர் ஓடிவந்து மருந்து கொடுத்தும் 10.40-க்கு இறந்துபோனார். அவர் மனைவி செல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கையில ஊசியே குத்தலம்மா. பேனாவுல சுழிச்சிட்டு, உடனே இடுப்புல போட்டுடுச்சு" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்று அவளை அதட்டினேன்.

அதன் பிறகு மேனேஜர் வந்து, இறந்தவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வட்டம் இருக்குதில்ல, அது போதும். துடைக்கிறப்ப அழியாம பாத்துக்கங்க சிஸ்டர்" என்றார். நானும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு உடம்பைத் துடைத்தேன். அன்று அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை.

மறுநாள் செல்லி புகார் கொடுத்ததும் மேனேஜர் பேச்சை மாற்றிக்கொண்டார். டெஸ்ட் செய்யாதது ஜெயமணியின் சொந்த அலட்சியம் என்று டைப் அடித்துக் கொண்டுவந்து கையெழுத்து கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் நேற்று அவளைக் கூட்டிவந்திருக்கிறீர்கள். அந்தக் காகிதம் பொய். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் ஒழுங்காகக் குத்திப் பார்த்து, அரை மணி காத்து நின்றாள். "இப்பிடி நின்னுட்டே இருந்தா நீ கடைசி வரைக்கும் ஜூனியர்தான்டி" என்று சொல்லி, பேனாவைப் பிடுங்கி வட்டம் போட்டுக் காட்டியவள் நான். அந்த அட்டையை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. அதில் முதல் மார்க் என்னுடையது.

இப்படிச் சொன்னால் வழக்கு என் மேல் திரும்பும் என்று இன்ஸ்பெக்டர் எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள் என்றேன். இதுவரை எத்தனை பேருக்கு இப்படிப் போட்டிருப்பாய் என்று கேட்டார். அட்டை வந்த நாளிலிருந்து ஒருவருக்கும் நான் குத்திப் பார்த்ததில்லை என்று சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் எதுவும் விடுபடவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பொ. சரஸ்வதி