மல்காஜ்கிரியிலேர்ந்து கரடி விரட்டறது

ஐயையோ, ஃபோனை ரிப்பேர் பண்றேன்னு எல்லாத்தையும் அழிச்சுக் கிழிச்சுடாதேப்பா சரத்! போட்டோ போனாப் போகட்டும், காலம்பற சுப்ரபாதம் போட்டு வெச்சிருக்கேனே, அதுவும் போகட்டும். அந்தக் கோழிக்கூண்டு கேமரா ஆப் மட்டும் போகப்படாது. ஒரு தரம் வெளில வந்துடுத்துன்னா திரும்ப பாஸ்வேர்ட் கேக்கும். எனக்கு அது தெரியாது.

ஆமாம், மாவுதான். இட்லி மாவு. நன்னா முகர்ந்து பாரு, புளிச்சிருக்கும். காலம்பற ஒன்பதரை மணிக்கு ஒரு கையால இட்லி வாத்துண்டே இன்னொரு கையால கரடியைப் பாத்துண்டிருந்தேன், தொபுக்குன்னு விழுந்துடுத்து.

சிரிக்காதே. கரடிதான். கறுப்பா, ஆட்டோ சைஸுக்கு. நம்மூர் மல்காஜ்கிரியில எங்கடா வரும்? அமெரிக்காவுல, என் பொண்ணு ஆத்துக் கொல்லைல. சுஷ்மாவை உனக்கு ஞாபகம் இருக்கோன்னோ? உங்கம்மா சாந்தாகிட்ட ஹிந்தி ட்யூஷனுக்கு வருவாளே, ரெட்டைப் பின்னல் போட்டுண்டு. அவளேதான். அங்க ஒரு மலை ஊர்ல வீடு வாங்கிண்டு எட்டு கோழி வளக்கறா. ஹவ்ப்பா, ஆமாம், கோழி! நம்மாத்துல கேக் வாங்கறச்சே முட்டை போட்டதான்னு நாலு தரம் கேப்போம். இவ என்னடான்னா அதுகளுக்கு ஜாங்கிரி, பூந்தி, சேமியான்னு பேர் வெச்சுக் கொஞ்சிண்டிருக்கா.

அந்த ஊர்ல கரடி நம்மூர் தெருநாய் மாதிரி, அது பாட்டுக்கு வரும், போகும். அதுக்காக ஒருத்தரும் அலட்டிக்கறதில்லை. குப்பைத் தொட்டிக்குப் பூட்டு, கோழித் தீனிக்கு இரும்பு டப்பா. கூண்டைச் சுத்திக் கரண்ட் வேலி. அதுல ஒரு வேலை பண்ணி வெச்சிருக்கா பாரு, வேலிக் கம்பியில வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி வெப்பா. கரடி ஆசையா மூக்கை நீட்டும், சுளீர்னு ஒண்ணு வாங்கிண்டு ஓடும். கோழின்னாலே ஷாக்குன்னு அதுக்குப் பதிஞ்சு போயிடும்.

ஆனா வேலி வெயில்ல சார்ஜ் ஆறது. மூணு நாளா அங்க மழை. அதான் நேத்திலேர்ந்து நான் ஃபோனைக் கீழயே வெக்கல.

நானா? நான்தாம்ப்பா வாட்ச்மேன்! அவாளுக்கு ராத்திரின்னா நமக்குப் பகல். கரடி வந்தா ஃபோன் டிங்குங்கும். மைக் படத்தை அழுத்திண்டு கத்தினா அங்க கூண்டுகிட்ட ஸ்பீக்கர்ல கேக்கும். முதல்ல இங்கிலீஷ்ல கோ கோன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம், டேய் தடியா, போடா வெளில, உனக்கென்ன இங்க சாதமா வடிச்சு வெச்சிருக்குன்னு ஆட்டோக்காரன்கிட்ட பேசற குரல்ல ஒரு அதட்டல் போட்டேன். எடுத்துது பாரு ஓட்டம்! எதிர் ஃப்ளாட் மைதிலி திருடன்தான் வந்துட்டான்னு தொடப்பத்தோட ஓடி வந்துட்டா. கார்த்திகை பொறந்தா அது தூங்கப் போயிடும், பங்குனி வரைக்கும் எனக்கு லீவு.

இன்னிக்கும் அப்படித்தான். வேலியைத் தாண்டிக் கூண்டுகிட்டயே வந்துடுத்து. டேய் தடின்னு ஆரம்பிச்சேன், ஃபோன் மாவுக்குள்ள. அந்த எட்டும் இருக்கோ இல்லியோ, பெருமாளே!

உன் ஃபோன்லேர்ந்து அவளைக் கூப்பிடறதா? நக்கோ நக்கோ, வேண்டாம். அங்க ராத்திரி ஒண்ணரை மணி, தூங்கிண்டிருப்பா.

பாஸ்வேர்டா? கேக்கலாம், கேக்கலாம், என்ன அவசரம். நீ முதல்ல அந்தக் காத்தை இன்னும் கொஞ்சம் அடி. அந்த ஓட்டைல பாரு, மாவு வெள்ளையாத் தெரியறது.

நீ விட மாட்டே போலிருக்கே. அவ என்னோட பேசி ரெண்டு வருஷம் ஆறதுப்பா, அவ்வளவுதான் விஷயம்.

எங்காத்துக்காரர் போய் எட்டு மாசத்துல என்னை அங்க கூட்டிண்டு போனா. போன அன்னிக்கே சொன்னா, அம்மா, வெளில ஒரு பருக்கைகூட வெக்காதே, கரடி வரும்னு. சரின்னேன். ஆனா அமாவாசை வந்துடுத்தே. காக்காய்க்கு வெக்காம எப்படிப்பா வாயில போட்டுக்கறது? அவருக்குப் பிடிச்ச வடை, பாயசம், நெய்யை விட்டுப் பருப்புஞ்சாதம். அவளுக்குத் தெரியாம கோழிக்கூண்டு மேலயே வெச்சேன். உயரமா இருக்கேன்னு வெச்சேன், வேற ஒண்ணும் தோணல எனக்கு. காக்கா வரல்லே. அப்போ கரண்ட் வேலியும் கிடையாது. கரடிதான் வந்து பாயசத்தைத் தின்னுட்டுக் கூண்டையும் பிரிச்சுப் போட்டுடுத்து. ஆறு கோழி.

அவ தரையில உக்காந்து அழுதா. நான் வாயை மூடிண்டு இருந்திருக்கலாம். பண்ணினது நான்தானே, எனக்கு ரோஷம். கோழிக்கு இவ்வளவு அழறியே, அப்பாவுக்கு ஒரு ப்ளேன் ஏறி வர முடியலியோன்னு கேட்டுட்டேன். விசா பேப்பர் மாட்டிண்டு அவ தவிச்ச தவிப்பு எனக்குத் தெரியும். தெரிஞ்சே கேட்டேன். எந்தத் தாயாராவது கேப்பாளா?

ஆப்பா? அப்போ மாப்பிள்ளை ஹர்ஷா போட்டுக் குடுத்தது. அவ பாஸ்வேர்டை மாத்தியிருக்கலாம், மாத்தல. நான் கத்தறது அவ ரூமுக்குக் கேக்காமயா இருக்கும்? ஒண்ணும் சொல்றதும் இல்லை. நான் பாட்டுக்கு விரட்டிண்டிருக்கேன். இப்போ போய் பாஸ்வேர்ட் குடுடின்னு கேட்டு, மாட்டேன்னுட்டான்னா?

ஆ, வந்துடுத்தா! மகராசனா இருப்பேடா நீ. ஆப் இருக்கோ, முதல்ல அதைப் பாரு. அப்பாடா.

என்னது, சுஷ்மாகிட்டேர்ந்து மிஸ்டு காலா? பதினேழா? எங்கே, காட்டு... ஒன்பது முப்பத்திரண்டு, முப்பத்திமூணு, முப்பத்தஞ்சு... ஐயோ, தடின்னு கத்தினவ பாதியில நிறுத்திட்டேனே. கிழவிக்கு என்ன ஆச்சோன்னு பயந்துட்டாளோ என்னவோ.

ஏய், அடிக்கறது பாரு. கண்ணாடியை எங்க வெச்சேன்... நீயே அழுத்துடா. காதுகிட்ட வை.

இருக்கேண்டி, இருக்கேன். அழாதே. எனக்கு ஒண்ணும் ஆகல, ஃபோன்தான் மாவுல விழுந்துடுத்து. அதை விடு, கோழி எட்டும் இருக்கா?