பக்கத்து வீட்டுத் தண்ணீர்

அம்மா: வண்டியை எடுங்க. இந்த வீடு நமக்கு வேண்டாம்.

அப்பா: என்னது? இப்பத்தானே ஜன்னல் திரைக்கு அளவெடுத்தே!

அம்மா: எடுத்தேன்... சமையலறை ஒரே இருட்டு.

அப்பா: "ஆஹா, எவ்வளவு வெளிச்சம்!"னு குதிச்சது யாரு?

மகள்: அம்மாதான்.

அம்மா: நீ பின்னாடி சும்மா உட்காரு.

மகள்: ஸ்கூலுக்கு நடந்தே போகலாம்னு சொன்னியேம்மா...

அப்பா: கேளு! இப்ப இருக்கிற இடத்துல இவளுக்கு விளையாட ஒரு பிள்ளை உண்டா? இந்தத் தெருவுல எத்தனை தினுசுப் பிள்ளைங்க! "நாலு விதமான ஜனங்களோட வளரணும், பந்தா இல்லாத தெருவா வேணும்"னு என் உயிரை எடுத்தது நீதானே?

அம்மா: நான்தான்...

அப்பா: வீட்டுக்காரர் இப்பவே பதில் கேட்கிறார். சாயங்காலம் வேற யாரோ வர்றாங்களாம்.

அம்மா: வரட்டும்.

அப்பா: ஏய், என்ன ஆச்சு? பக்கத்து வீட்டம்மா ஏதாவது சொன்னாங்களா? சாவி வர்ற வரைக்கும் நம்மளைக் கூப்பிட்டு உட்கார வச்சாங்களே.

அம்மா: அவங்க ஒண்ணும் சொல்லலை. நான்தான்... பாப்பாவுக்குத் தண்ணி கொண்டுவந்தாங்க இல்ல?

அப்பா: ஆமா.

அம்மா: "குடிக்காதே, இவங்கள்லாம் டம்ளரைக் கழுவுறாங்களோ என்னவோ"ன்னேன். அவங்க முகத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே.

அப்பா: அட, தமிழ்லதானே சொன்னே! இந்த ஊர்ல யாருக்குத் தமிழ் புரியப்போகுது?

அம்மா: அந்தத் தைரியம்தான்.

அப்பா: என் காதுலயும் விழுந்துச்சு. நானும் பல்லைக் காட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்...

அம்மா: வீட்டைப் பார்த்து முடிச்சு, அங்க போயிருந்த பாப்பாவைக் கூட்டிட்டு வரும்போது அவங்க வாசப்படியில எனக்குக் கால் வழுக்கிடுச்சு. சட்டுனு பிடிச்சுக்கிட்டு, "ஐயோ, பார்த்தும்மா"ன்னாங்க.

அப்பா: அதுக்கென்ன?

அம்மா: தமிழ்லங்க.

அப்பா: தமிழ்லயா!

அம்மா: உடம்பெல்லாம் கூசிப்போச்சு. தினமும் அந்த வாசலை எப்படித் தாண்டுவேன்?

அப்பா: இரு, இரு. இந்த வீட்டுல முன்னாடி தமிழ்க்காரங்க யாராவது குடியிருந்திருப்பாங்க. ரெண்டு வார்த்தை ஒட்டிக்கிட்டிருக்கும்.

அம்மா: நிஜமாவா சொல்றீங்க?

அப்பா: பின்னே? நீ சொன்னது புரிஞ்சிருந்தா கையை எதுக்குப் பிடிக்கப்போறாங்க? விழட்டும்னு விட்டிருப்பாங்க.

அம்மா: ஆமால்ல... அப்பாடா. சரி, வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க.

அப்பா: அப்படி வா வழிக்கு! பாப்பா, சந்தோஷமா? ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே?

மகள்: திட்டமாட்டியேம்மா?

அம்மா: இல்லைடி, சொல்லு.

மகள்: நீங்க வீட்டைச் சுத்திப் பார்த்துக்கிட்டிருந்தப்ப... எனக்குத் தாகமா இருந்துச்சா, அந்த ஆன்ட்டிகிட்டப் போனேன். "இந்தா, உன் கண்ணு முன்னாடியே கழுவுறேன், இப்ப பயப்படாம குடி கண்ணு"ன்னு தமிழ்லதான் சொன்னாங்க. அப்புறம்... "எனக்குத் தமிழ் தெரியும்னு அம்மாகிட்டச் சொல்லிடாதே, பாவம், சங்கடப்படுவாங்க"ன்னாங்க.