நாலு பேர் அளவில் ஒரு குடில்

குத்துகிறான்.

சத்தம் மேற்கே. ஷெல் புறப்படும் சத்தத்தை நாங்கள் 'குத்துகிறான்' என்றுதான் சொல்வோம். அதற்குப் பிறகு எண்ண வேண்டும். பன்னிரண்டு வரை எண்ணி முடித்தும் உயிரோடு இருந்தால், அது வேறு யாருக்கோ விழுந்துவிட்டது. ஒன்று. இரண்டு. மகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். நான்கு. ஐந்து. "அடுப்பை அணை! புகை தெரியுது! அணை!" என் மனுசன் அன்ரன் கத்துகிறார். அவர் கையில் எங்கள் மகன். அணைக்க நேரமில்லை. எட்டு. மகளைப் பங்கர் குழிக்குள் தள்ளிவிட்டு நானும் விழுகிறேன். "இறங்குங்கோ! கெதியா இறங்குங்கோ!" என்று கத்துகிறேன். பதினொன்று.

பன்னிரண்டை நான் எண்ணவில்லை.

2009, மாசி. மாத்தளன். காலை ஏழு மணி இருக்கும். மேலே வண்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஆளில்லா வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. முதலில் அது பார்க்கும். பிறகு ஷெல் வரும். பகலில் அடுப்பு மூட்டக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பால் வற்றிவிட்டது. மகன் அழுகிறான். பால்மா கரைக்க ஒரு பேணி வெந்நீர் வேண்டும். விறகு ஈரம். புகை எழுந்தது.

மகன் அதற்கு முந்தின மார்கழியில் பிறந்தவன். தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, இரண்டு நாள் முன்பு. பக்கத்துத் தறப்பாள்காரர்கள் "பாலன் பிறந்திட்டார்" என்று சிரித்துக்கொண்டே வந்து பார்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

2009, மார்கழி. பல்லாவரம். சண்டை முடிந்து அடைத்த முகாமிலிருந்து தப்பி, நானும் மகளும் கடல் கடந்து இங்கே வந்து நான்கு மாதம். ஒரு அறை. விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஆறு வயது. வீட்டுப்பாடத்தையும் அங்கேயே எழுதுகிறாள். நான் தடுப்பதில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காதான் எங்கள் அன்பியத்துக்குத் தலைவி. அன்பியம் என்றால் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு. அவர் வந்து சொன்னார்.

"இந்த வருசம் கிறிஸ்மஸ் குடிலு நீதாம்மா போடுற. சும்மா குந்திகினு இருந்தா மனசு பேஜாராப் பூடும்."

அவர் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. சுற்றித் தகரம் அடித்திருந்தது. ஓர் அட்டைப்பெட்டியில் சுரூபங்கள் கொடுத்தார். மாதா, சூசையப்பர், பாலன், மூவரசர், மாடு, ஒட்டகம். கூட வைக்கோல். ஒரு நட்சத்திரம், வயர், பல்பு.

நான் ஒரு மண்வெட்டி கேட்டு வாங்கினேன்.

நான்கு நாள் வேலை. யோசிக்கவில்லை. கை செய்தது. பழைய சேலைகளைக் கிழித்துப் பை தைத்தேன். மண் நிரப்பி அடுக்கினேன். மாத்தளனில் எல்லாம் கடற்கரை மணல். சேலைப் பை அடுக்காவிட்டால் பங்கர் சரிந்து ஆளை மூடிவிடும். என் கூறைச் சேலையையும் அங்கே பையாகத் தைத்தேன். பல்லாவரத்து மண் இறுகியது. பையே தேவையில்லை. ஆனாலும் தைத்தேன்.

இருபத்துநான்காம் தேதி பின்னேரம் ஸ்டெல்லா அக்கா தகரத்தை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? குடிலு போடச் சொன்னா கெணறு வெட்டி வெச்சிகீறே?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். நெஞ்சளவு ஆழம். குறுக்கே மூங்கில், அதன் மேல் மண். ஒரு சாண் உயரச் சுரூபங்கள் மூலையில் ஒண்டி நிற்கின்றன. மிச்சமெல்லாம் காலி. அன்ரன் கால் நீட்ட ஓரிடம். எனக்கு ஓரிடம். மகளுக்கு. என் மடியில் பிள்ளை. நாலு பேர் அளவு.

அன்பியத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். சமாதி மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். ஒட்டகம் எப்படி இறங்கும் என்று இன்னொருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நட்சத்திரத்தை எங்கே மாட்டுவது என்றார்கள்.

"மேல வெளிச்சம் வேண்டாம்! போட விடமாட்டன்!"

கத்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

வேதாகமத்தில் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்து வந்த மூவரசர் வழி கேட்டது ஏரோது அரசனின் ஊரில். அதனால்தான் அவனுக்கு விசயம் தெரிந்தது. பிள்ளைகளைக் கொல்ல ஆள் அனுப்பினான். பாலன் எகிப்துக்குத் தப்பிவிட்டார். பெத்லகேமின் மற்றப் பிள்ளைகள் தப்பவில்லை. அந்தத் தாய்மாரில் ஒருத்திக்குக்கூட எந்தக் குடிலிலும் சுரூபம் கிடையாது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. மாத்தளனில்தான் விளங்கியது. வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். புகையும்.

இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். அடுப்பு மூட்டியது நான் என்பதையும் சொன்னேன். அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஸ்டெல்லா அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். அன்ரனின் இடத்தில் உட்கார்ந்தார். சேலைப் பைகளைத் தடவிப் பார்த்தார்.

"அங்க யாராச்சும் வந்தாங்களாம்மா, உங்களப் பாக்க?"

"இல்லை. ஒருத்தரும் வரேல்லை."

"ஏரோது வந்துடுவான்னு லைட்டு போடாம வெச்சா, நாங்க எப்டிம்மா வர்றது?"

குருவானவர்கள் பிரசங்கத்தில் மாட்டுத்தொழுவத்தை எளிமை என்பார்கள். எளிமை இல்லை. பாதுகாப்பில்லை. பங்கர் இல்லாத இடத்தில் கடவுள் ஒரு பிள்ளையைப் பிறக்க வைத்தார். தெரிந்தேதான் செய்தார் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் கும்பிடுகிறேன். அவரும் அந்தக் குழிக்குள் எங்களோடு இருந்தார் என்று நம்பத்தான் முயல்கிறேன். சில நாள் முடிகிறது.

மாலை ஆறரை. இருட்டுகிறது. மூங்கிலில் நட்சத்திரத்தைக் கட்டினார்கள். சுவிட்சை நான்தான் போடுவேன் என்றேன். மகள் குழிக்குள், பாலனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

போட்டேன்.

ஒன்று. இரண்டு. வாய்விட்டே எண்ணுகிறேன். ஒரு விமானம் இறங்குகிறது. ஏழு. எட்டு. ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்திருக்கிறார். பதினொன்று.

பன்னிரண்டு.

ஒன்றும் விழவில்லை. தெருமுனையிலிருந்து ஒரு குடும்பம் நட்சத்திரத்தைப் பார்த்து உள்ளே வருகிறது.

இழந்தவை. கல்வீடு ஒன்று. கிணறு ஒன்று. பங்கருக்குத் தைத்த சேலைகள் பதினொன்று. ஒரு பேணி வெந்நீர், அது கொதித்திருந்தது. என் மனுசன் அன்ரன், வயது முப்பத்துநான்கு. என் மகன், எழுபத்தொரு நாள். ஞானஸ்நானம் கொடுக்கக் குருவானவர் கிடைக்கவில்லை. அதனால் பெயர் வைக்கவில்லை. பாலன் என்றே கூப்பிட்டோம்.